ஏழாவது ஆளின் வாடகை

அந்தப் பையன் வீட்டைக் காலி செய்துகொண்டு போன அன்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "நீங்க இல்லன்னா நான் ரோட்லதாண்ணே நின்னுருப்பேன்" என்றான். சும்மா சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. மின்தூக்கிக் கதவு மூடும்வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றான்.

அவன் ஏழு மாதம் தங்கியிருந்த இடத்தை அறை என்று சொல்வதே தப்பு. அது வீட்டின் வெடிகுண்டுப் பாதுகாப்பறை. நாங்கள் 'பாம் ஷெல்டர்' என்போம். அதற்கு அவன் எனக்கு மாதம் 450 வெள்ளி கொடுத்தான். நான் வாங்கினேன்.

திட்டிவிட்டுப் போயிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்த நன்றியை எங்கே வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரில் வீடு எடுத்துத் தங்காதவர்களுக்காக ஒரு விளக்கம். 1997இல் வந்த சட்டத்துக்குப் பிறகு இங்கே கட்டப்படும் வீடுகளில் ஒரு பாதுகாப்பறை இருக்கும். தடித்த கான்கிரீட் சுவர், கனமான இரும்புக் கதவு, மேலே மூடிபோட்ட காற்றுத் துளைகள். ஜன்னல் கிடையாது. போர் வந்தால் ஒளிந்துகொள்வதற்கு. போர் வராத நாட்களில் அரிசி மூட்டை, பழைய பெட்டி, தீபாவளிக்கு மட்டும் இறக்கும் பெரிய சட்டி. எங்கள் வீட்டில் ஒரு மெத்தையைப் போட்டதும் தரை தீர்ந்துபோனது. கதவைச் சாத்தினால் போனில் லைன் கிடைக்காது. அதனால் அவன் கதவைத் திறந்தே வைத்து, தலை வாசற்படியில் இருக்கும்படி படுப்பான். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் அவன் தலையைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வீடியோ கால் பேசுவான். அப்போது மட்டும் கூடத்து ஜன்னல் பக்கம் வந்து நிற்பான். ஒருமுறை காதில் விழுந்தது: "இதாம்மா என் ரூமு. காத்து சூப்பரா வருது." நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். போன் என் பக்கம் திரும்பிவிடக்கூடாதே என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

நான் ஈப்போ பக்கத்துக்காரன். 2011இல் இங்கே வேலைக்கு வந்தபோது ஜூரோங்கில் ஒரு வீட்டுக் கூடத்தைப் பிளைவுட் பலகையால் இரண்டாகத் தடுத்து, அதில் ஒரு பாதியை எனக்குக் கொடுத்தார்கள். தடுப்பு சரியாக ஜன்னலின் நடுவில் வந்து முட்டும். எனக்குக் கிடைத்தது அரை ஜன்னல். வாடகை வசூலித்தவர் நம் ஆள்தான். "நம்மாளுன்னுதான் தம்பி இந்த ரேட்டு. வெளிய போய்க் கேட்டுப் பாரு" என்பார். வெளியே போய்க் கேட்டும் பார்த்தேன். போனில் என் பெயரைக் கேட்டதும் ரூம் போய்விட்டது என்றார்கள். "இந்தியர் வேண்டாம்" என்று விளம்பரத்திலேயே எழுதிய காலம் அது. இப்போது அப்படி எழுதுவது குறைந்திருக்கிறது. "சமையல் உண்டா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நாகரிகமாகிவிட்டது. பதில் மாறவில்லை. திரும்பி வந்து அந்த அண்ணனுக்கே வாடகையைக் கட்டினேன். மனதுக்குள் அவரைத் திட்டாத நாள் இல்லை.

2019இல் நானே ஒரு வீட்டை எடுத்தேன். உட்லண்ட்ஸில் நாலறை வீவக வீடு. அதாவது மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும். நாங்கள் ஆறு பேர், ஆறு பேரும் மலேசியர்கள். அது தற்செயல் இல்லை. முழு வீட்டை வாடகைக்கு விடும்போது வெளிநாட்டவருக்கு என்று இருக்கும் ஒதுக்கீட்டு வரம்பு மலேசியர்களுக்குக் கிடையாது. "மலேசியனா? ஓகே லா" என்றார் வீட்டுக்காரர். அந்த 'ஓகே லா' எவ்வளவு பெரிய சொத்து என்று அன்று எனக்குப் புரியவில்லை.

வாடகை 2000 வெள்ளி. மின்சாரம், தண்ணீர், இணையம் எல்லாம் சேர்த்து 300. மற்ற ஐந்து பேரிடமும் ஆளுக்கு 400 வாங்குவேன். என் பங்கு 300. வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், பில் கட்டுகிறேன், ஆள் போனால் ஆள் தேடுகிறேன், அதற்கு 100 வெள்ளி குறைவு நியாயம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

2022 வந்தது. கோவிட் காலத்தில் கட்டுமானம் தள்ளிப்போய், புது வீட்டுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் வாடகைக்கு வந்தார்கள். எல்லை திறந்து வெளியாட்களும் வந்தார்கள். தனியார் வீட்டு வாடகைக் குறியீடு அந்த ஒரே ஆண்டில் 29.7 விழுக்காடு ஏறியது. வீவக வாடகையும் கூடவே ஓடியது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரர் 3200 என்றார். பெருமூச்சு விட்டு, "மார்க்கெட் ரேட்" என்றார். நல்ல மனிதர். ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் ஆரஞ்சுப் பழம் கொண்டுவருவார்.

கணக்கைச் சொல்கிறேன். மொத்தம் 3500. ஐந்து பேரிடமும் 550ஆக ஏற்றினேன், 2750 ஆயிற்று. மீதி 750 என் தலையில். அப்போதுதான் அந்த இரும்புக் கதவு என் கண்ணில் பட்டது. புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், தெரிந்தவர் மூலம் வந்தான். பதினேழு இடத்தில் கேட்டு முடித்திருந்தான். அவனிடம் 450. மீதி எவ்வளவு? 300. எல்லாருக்கும் ஏறிய வாடகை எனக்கு மட்டும் ஒரு வெள்ளிகூட ஏறவில்லை.

இன்னொன்றும் உண்டு. அவன் போகும்போது டெபாசிட்டில் 50 வெள்ளி பிடித்துக்கொண்டேன். சுவரில் முருகன் படம் ஒட்டிய பசை போகவில்லை என்பதற்காக. அதற்குப் பிறகுதான் அவன் என் கையைப் பிடித்தான்.

இனி கேள்விக்கு வருகிறேன். நான் செய்தது தப்பா? தப்பு என்றால், எது தப்பு?

எனக்காக வாதாடுவது சுலபம். அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இடத்தைப் பார்த்தான், விலையைக் கேட்டான், சரி என்றான். அவனுக்குத் தலைக்கு மேல் கூரை கிடைத்தது, எனக்குப் பணம் கிடைத்தது. இரண்டு பேருக்கும் லாபம். நான் இடம் கொடுத்திருக்காவிட்டால் அவன் நிலைமை இதைவிட மோசம். பதினேழு பேர் இடமே கொடுக்கவில்லை. அவர்கள் யார் பெயரும் யாருக்கும் தெரியாது, அவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். கதவைத் திறந்தவன் குற்றவாளி, சாத்தியவன் குற்றவாளி இல்லை என்றால் அது என்ன நியாயம்?

அமெரிக்கத் தத்துவவாதி ஆலன் வெர்தைமர் 1996இல் சுரண்டலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இரண்டு தரப்பும் சம்மதித்து, இரண்டு தரப்பும் லாபம் அடைந்தாலும் அது சுரண்டலாக இருக்க முடியும் என்பது அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். அதைப் படித்தபோது யாரோ என் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தது போல் இருந்தது. சுரண்டல் என்றால் சாட்டையும் கங்காணியும் என்றுதான் தோட்டத்திலிருந்து வந்த நாம் பழகியிருக்கிறோம். ஆரஞ்சுப் பழத்தோடும் நன்றியோடும் அது வரும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

நான் யோசித்துக் கண்டது இவ்வளவுதான். அந்தப் பதினேழு பேர் அவனுக்குச் செய்தது ஒரு வகை அநியாயம். நான் செய்தது வேறு வகை. அவர்கள் கதவைச் சாத்தினார்கள். அவர்கள் சாத்திய கதவுகளை எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப நான் விலை வைத்தேன். 450 வெள்ளி அந்தக் கான்கிரீட் பெட்டியின் விலை இல்லை. அவனுக்குப் போக வேறு இடம் இல்லை என்பதன் விலை. என்னிடம் 'ஓகே லா' இருந்தது, அவனிடம் இல்லை. அந்த வித்தியாசத்தைத்தான் மாதாமாதம் வசூலித்தேன். நம்மை வேண்டாம் என்கிறார்களே என்று மேடைகளில் குமுறுகிறோம். அந்த 'வேண்டாம்' நம்மில் சிலருக்கு வருமானம் என்பதை மேடையில் சொல்வதில்லை.

மார்க்கெட் ரேட் என்ற சொல்லை இப்போது கேட்டால் எனக்கு உள்ளே ஏதோ செய்கிறது. அது பொய் இல்லை. இந்தக் குட்டித் தீவில் இத்தனை பேருக்கு இத்தனை அறைதான். வாடகையை நான் ஒருவன் தீர்மானிப்பதில்லை. விலையைச் சட்டம் போட்டு நிறுத்துவதும் இங்கே நடந்த கதைதான். 1947இல் கொண்டுவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2001இல்தான் முழுதாக ஒழிந்தது. வாடகை ஏறாத பழைய கடைவீடுகளைப் பழுது பார்க்க உரிமையாளர்களுக்கு மனம் வரவில்லை, கூரை ஒழுகியது. ஆகவே ஒரு எண்ணைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மார்க்கெட் வைத்தது 3200 என்ற எண்ணை மட்டும்தான். மனிதனைப் பாதுகாப்பறையில் படுக்கவை என்று மார்க்கெட் எனக்கு வாட்சப் அனுப்பவில்லை. என் பங்கு 300ஐத் தாண்டக்கூடாது என்றும் சொல்லவில்லை. அவை என் முடிவுகள். ஊர் விலைக்குப் பின்னால் என் விலையை ஒளித்துவைத்தேன், அவ்வளவுதான்.

இந்த நகரத்துக்கு ஜன்னல் இல்லாத அறைகள் புதிதல்ல. சைனாடவுனில் அப்பர் நான்கிங் ஸ்திரீட்டில் 1950களின் நடுவில் பேரிங்டன் கே என்ற ஆய்வாளர் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார். 1960இல் அது புத்தகமாக வந்தது. கடைவீட்டு மாடிகளைப் பலகையால் தடுத்து, வெளிச்சம் எட்டாத அடைப்புகளில் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். அதே 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. இன்று குடியிருப்பாளர்களின் குடும்பங்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது சொந்த வீட்டில் இருக்கின்றன. பெருமைப்பட வேண்டிய சாதனைதான், மறுக்கமாட்டேன். ஆனால் குடியிருப்பாளர் என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும். எங்கள் வீட்டில் இருந்த ஏழு பேரில் ஒருவர்கூட அந்தக் கணக்கில் இல்லை. அந்தப் பையனோ ஒப்பந்தத்திலும் இல்லை. உறவில்லாதவர்கள் ஆறு பேருக்கு மேல் ஒரு வீட்டில் தங்கக்கூடாது என்பது அன்றைய விதி. அவன் ஏழாவது ஆள். கதவு தட்டப்படும்போதெல்லாம் அவன் உள்ளே போய் இரும்புக் கதவை இழுத்துக்கொள்வான். குழாய் ஒழுகுகிறது என்று யாரிடமும் புகார் சொல்ல அவனால் முடியாது. நான் வாங்கியது 450 வெள்ளியும் அவனுடைய வாயும்.

2024 ஜனவரி 22 முதல் நாலறை வீடுகளில் ஆறு என்பது எட்டு ஆயிற்று. வாடகை நெருக்கடியைத் தணிக்கக் கொண்டுவந்த தற்காலிக ஏற்பாடு. செய்தியைக் கோப்பிக்கடையில் படித்தேன். பாதுகாப்பறையில் ஆளைப் படுக்கவைப்பது அன்றும் கூடாது, இன்றும் கூடாது, அது வேறு. ஆனால் ஏழு என்ற எண் முந்தின நாள் வரை குற்றம், மறுநாள் குற்றமில்லை. ஒரு கணம் மனசு லேசானது, உண்மையைச் சொல்கிறேன். பிறகு அந்த அறையில் போய் நின்றேன். அதில் காற்று கூடவில்லை.

சட்டம் ஆள் எண்ணிக்கையைச் சொல்லும். ஒருவரோடு ஒருவர் எப்படி இருப்பது என்பதற்கு வேறு ஏதாவது வேண்டும். காண்ட் 1795இல் எழுதிய ஒன்றில் ஒரு சோதனை வைக்கிறார். அடுத்தவர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் கொள்கையை வெளியே சொன்னால் அது நிறைவேறாது என்றால், அந்தச் செயல் நியாயமில்லாதது. அவர் அரசுகளைப் பற்றிச் சொன்னார். நான் அதை உட்லண்ட்ஸ் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் வாடகை நோட்டுப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் திறந்து வைக்க முடியுமா? ஜூரோங் அண்ணனால் வைத்திருக்க முடியுமா? வீட்டுக்காரர் தன் கணக்கை எங்களுக்குக் காட்டுவாரா? காட்ட முடிகிற லாபம் ஒன்று உண்டு. உழைப்புக்கும் பொறுப்புக்கும் இவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லி வாங்குவது. காட்ட முடியாத லாபம் வேறு. அடுத்தவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கேட்கமாட்டான் என்கிற தைரியத்தில் வாங்குவது.

போன வருடம் ஒரு சனிக்கிழமை கணக்கை ஒரு தாளில் எழுதி, ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன். வாடகை இவ்வளவு, மின்சாரம் இவ்வளவு, ஆறால் வகுத்தால் ஆளுக்கு இவ்வளவு. என் பங்கும் அதேதான். பாதுகாப்பறையில் இப்போது பெட்டிகளும் ஒரு பழைய சைக்கிளும் இருக்கின்றன. அந்த 50 வெள்ளியையும் பையனுக்கு அனுப்பிவிட்டேன். "எதுக்குண்ணே இது?" என்று கேட்டான். பசைக்கு என்று எழுதினேன். அவனுக்கு ஞாபகமே இல்லை.

இரண்டு நாள் அந்தத் தாளைப் பற்றி யாரும் பேசவில்லை. மூன்றாம் நாள், என்னோடு 2019இலிருந்து இருக்கும் தம்பி, பால் எடுக்க வந்தவன், அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். அவன் உதடு அசைந்தது, கூட்டிப் பார்க்கிறான்.

"அப்போ இவ்ளோ நாளா எப்படிண்ணே?" என்றான்.

உட்காரு, சொல்றேன் என்றேன்.