கூலியும் அமானிதமும்

திருத்தணி மலையடிவாரத்தினின்று இரயிலேறிச் சென்னைக்கு வேலைக்குச் செல்வோர் பலர். அருகிலுள்ள பொதட்டூர்ப்பேட்டையில் விசைத்தறியை நம்பி வாழ்வோர் பலர். 2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. இரயிலும் நின்றது, தறியும் நின்றது, நாட்கூலியும் நின்றது.

அதன்பின் வேலை தேடுவோர், “கூலி எவ்வளவு?” என்பதோடு அமைவதில்லை. “நோயுற்றால் கைவிடுவீர்களா? அந்தியில் பிள்ளைகளிடம் திரும்ப இயலுமா?” என்றும் எண்ணிப் பார்க்கின்றனர். இதனைச் சோம்பல் என்று இகழ்வாருமுளர். அவ்விகழ்ச்சி புதிதன்று. 1349இல் கொள்ளைநோயால் ஆட்கள் அருகியபோது, உழைப்பவர் பழைய கூலியையே பெற வேண்டுமென இங்கிலாந்து மன்னர் ஆணையிட்டார். மரணத்தை அருகில் கண்டவன் தன் வாழ்நாளின் மதிப்பை உணர்வது குற்றமாகுமா?

ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே என்பது நம் ஈமான். ஆயினும் அந்நம்பிக்கையை உழைப்பவனுக்கு உபதேசித்துவிட்டு, நம் கடமையினின்று நாம் நழுவலாகாது. கடையும் தறியும் உடைய நம்மிடம் அவனுடைய நலம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டுள்ளது. வேறிடம் செல்ல வழியுள்ளவன் துணிந்து கேட்டுவிடுவான். கடன்பட்டவனோ வாய் திறவான். கேட்டவனுக்குக் கொடுப்பது பேரத்தில் முடியும். கேட்க இயலாதவனுக்கு அவனது உரிமையைக் கொடுப்பதிலேதான் நம் நேர்மை விளங்கும்.