கோபத்துக்கு ஒரு நோட்டுப்புத்தகம்

ஒரு தாளை எடுத்து, நாம் யார் யார் மேல் கோபப்படுகிறோம் என்று வரிசையாக எழுத வேண்டும். காரணமெல்லாம் பிறகு, முதலில் பெயர்கள். வேதாத்திரி மகரிஷி மனவளக்கலையில் வைத்திருக்கும் சினம் தவிர்த்தல் பயிற்சி இப்படித்தான் ஆரம்பிக்கிறது. சுத்தவெளி, இறைநிலை, பிரபஞ்சத் தோற்றம் என்று வாழ்நாளெல்லாம் பேசிய மனிதர், அந்த உயரத்துக்குக் கூட்டிப்போவதற்கு நம் கையில் கொடுப்பது ஒரு பேனாவையும் தாளையும்.

எழுத உட்கார்ந்தால் முதலில் தூரத்துப் பெயர்கள்தான் வரும். கூடுதலாகக் கேட்ட ஆட்டோக்காரர், நம் வாசல் பக்கம் குப்பையைத் தள்ளிவிடும் எதிர்வீட்டுக்காரர், லீவு கொடுக்காத மேனேஜர், டிவி விவாதத்தில் கத்துகிற அரசியல்வாதி. நாலு பெயர் எழுதியதும் கை நின்றுவிடும். போன வாரத்தில் இந்த நாலு பேரிடம் எத்தனை முறை வாய்விட்டுக் கத்தினோம் என்று யோசித்தால், அநேகமாக ஒரு முறைகூட இருக்காது. மேனேஜரிடம் ‘சரிங்க சார்’தான். ஆட்டோக்காரரிடம் முணுமுணுத்துக்கொண்டே காசை எண்ணிக் கொடுத்தோம். அப்படியானால் கத்தியதெல்லாம் யாரிடம்? அதற்கப்புறம் வருகிற பெயர்களுக்கு யோசனையே தேவைப்படாது. மனைவி. கணவர். பத்தாவது படிக்கிற பிள்ளை. காது மந்தமாகிவிட்ட அம்மா.

மகரிஷி சுட்டிக்காட்டுவதும் இதைத்தான். நம் கோபத்தில் பெரும்பங்கு போய்ச் சேருவது எதிரிகளிடம் அல்ல. நமக்குச் சமைத்துப் போடுகிறவர்கள், காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறவர்கள், நாம் இரவு வீடு திரும்பத் தாமதமானால் தூங்காமல் இருப்பவர்கள், இவர்கள்தான் பட்டியலில் முதலிடம் பிடிக்கிறார்கள். பழகப் பழக எதிர்பார்ப்பு கூடுகிறது. எதிர்பார்ப்பு கூடக் கூட அது தட்டிப்போகிற வாய்ப்பும் கூடுகிறது.

திருக்குறளில் வெகுளாமை 31-ஆம் அதிகாரம். துறவறவியலில் இருப்பதால் குடும்பஸ்தர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவதுண்டு. ஆனால் அதன் முதல் குறளே நேராக வீட்டுக்குள் வந்து உட்காருகிறது. தன் கோபம் பலிக்கிற இடத்தில் அதைத் தடுத்துக்கொள்பவனே உண்மையில் கோபத்தை அடக்கியவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காமல் போனால் என்ன என்கிறார் வள்ளுவர். மேனேஜரிடம் பணிவாக இருந்ததைப் பொறுமைக் கணக்கில் வரவு வைக்க முடியாது. பள்ளிக்கூடப் பையோடு நிற்கிற பிள்ளையிடம் என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி.

காலை ஏழரை மணியை எடுத்துக்கொள்ளலாம். குக்கர் இரண்டாவது விசில் அடித்திருக்கிறது. வேன் முனைக்கு வந்துவிட்டதாக போன் வருகிறது. பையன் ஒரு கால் சாக்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறான். “எத்தனை தடவை சொல்றது, ராத்திரியே எடுத்து வைன்னு?” இந்த வாக்கியம் அந்தக் காலையில் உருவானதல்ல. அதற்குள் முந்தைய நாள் மாதாந்திரப் பரீட்சை மார்க் இருக்கிறது, இன்னும் கட்டாத வீட்டுக்கடன் தவணை இருக்கிறது, ராத்திரி தூக்கம் வராமல் புரண்டது இருக்கிறது. சாக்ஸ் ஒரு சாக்குத்தான். பையனுக்கும் அது தெரியும். அவனுக்குச் சொல்லத்தான் தெரியாது. கதவு சாத்திய பிறகு வீட்டுக்குள் ஒரு கசப்பு மிஞ்சுகிறது, தோசை ஆறிப்போகிறது, ஆபீஸ் போகிற வழியெல்லாம் நெஞ்சு படபடக்கிறது.

செயலுக்குள்ளேயே விளைவு இருக்கிறது என்பது மகரிஷியின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. செயல்விளைவுத் தத்துவம் என்று அதற்குப் பெயர். மேலே ஒருவர் பேரேடு வைத்துக்கொண்டு உட்கார்ந்து, நல்லதுக்குப் பரிசும் கெட்டதுக்குத் தண்டனையும் அனுப்புவதாக அவர் சொல்லவில்லை. இயற்கைக்குள் ஓர் ஒழுங்கு ஓடிக்கொண்டிருக்கிறது, நினைப்பதும் சொல்வதும் செய்வதும் அந்த ஒழுங்கின்படியே பலன் தருகின்றன என்பது அவர் பார்வை. பெரிய பிரபஞ்ச விதியாகக் கேட்கும்போது தலையாட்டிவிட்டுப் போய்விடலாம். சாக்ஸ் விஷயத்தில் அதை வைத்துப் பார்த்தால் தலையாட்டல் நின்றுவிடும். கத்தியதன் பலனாகப் பிள்ளை ஒழுங்கைக் கற்றுக்கொள்ளவில்லை. மார்க் ஷீட்டை எங்கே ஒளித்து வைப்பது என்று கற்றுக்கொண்டான். விளைவு வர அடுத்த பிறவி வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த வாரக் கடைசிக்குள் வந்துவிடுகிறது.

கீதையின் இரண்டாம் அத்தியாயமும் கோபத்தை ஒரு சங்கிலியின் நடுக்கண்ணியாகத்தான் வைக்கிறது. பொருளைப் பற்றிய நினைப்பிலிருந்து பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து கோபம். கோபத்திலிருந்து மயக்கம், மயக்கத்தால் நினைவு தவறுதல், அதனால் புத்தி நாசம். நினைவு தவறுதல் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கத்துகிற அந்த ஒரு நிமிஷத்தில், எதிரே நிற்பவர் யார் என்பதே மறந்துபோகிறது.

வேதாத்திரி 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்தவர், தொழில் நடத்தி நஷ்டப்பட்டவர், இல்லறத்தில் இருந்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சி வால்பாறை சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிக்கும் மலையடிவாரத்தில், ஆழியாறில், 1984-இல் அறிவுத்திருக்கோயில் அமைந்தது. 2006-இல் மறையும் வரைக்கும் அவர் பேசியதில் விண்ணுக்கு இருந்த இடம் அடுக்களைக்கும் இருந்தது. காந்தம், அலை என்று அவர் பௌதிகத்தைக் கலந்து விளக்கும் பகுதிகள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இயற்பியல் படித்தவர்கள் அங்கே முகம் சுளிக்கலாம். கோபப் பட்டியலுக்கு அந்த விளக்கம் தேவையும் இல்லை. தறியில் இழை அறுந்தால் நெசவாளி யாரையும் திட்டிக்கொண்டிருப்பதில்லை. தறியை நிறுத்துகிறார். அறுந்த நுனி எங்கே என்று பார்க்கிறார். முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார். அந்தப் பட்டியலிலும் அந்தக் கைப்பழக்கம்தான் தெரிகிறது. ஆயிரக்கணக்கான இழையில் அறுந்தது எதுவோ அதை மட்டும் தேடச் சொல்கிறார்.

பட்டியல் எழுதியபின் செய்ய வேண்டியது அதைவிடச் சின்ன வேலை. எல்லாப் பெயர்களையும் ஒரேயடியாகத் திருத்திக்கொள்ளப் போவதில்லை. ஒரே ஒரு பெயர். இவரிடம் இத்தனை நாளைக்குக் கோபப்படப் போவதில்லை என்று முன்கூட்டியே தீர்மானம் செய்துகொள்வது. கோபம் வழக்கமாக எந்த நேரத்தில், எதைத் தொட்டு வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வது. தவத்தில் உட்காரும்போது அந்த முகத்தை நினைத்து ‘வாழ்க வளமுடன்’ என்று வாழ்த்துவது. ‘இனிமேல் யார்மேலும் கோபப்பட மாட்டேன்’ என்கிற புத்தாண்டுச் சபதம் பொங்கல் வரைக்கும்கூடத் தாங்காது. ‘இந்த வாரம் அம்மா ஒரே கேள்வியை மூன்றாவது முறை கேட்டால் குரலை உயர்த்த மாட்டேன்’ என்பது தாங்கும். அதற்கு முகம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது.

இதில் வியப்பு என்னவென்றால், ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் இதே வழிக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ரோமில் நீரோ மன்னனுக்கு ஆசானாக இருந்த செனெக்கா, கோபத்தைப் பற்றி மூன்று பாகங்களில் எழுதியவர். மூன்றாவது பாகத்தில் தன் இரவு வழக்கத்தைச் சொல்கிறார். விளக்கை எடுத்துப்போன பிறகு, இவர் பழக்கம் தெரிந்த மனைவி பேச்சை நிறுத்திக்கொள்கிறார். இவர் அன்றைய நாள் முழுவதையும் திருப்பிப் பார்க்கிறார். ஒருவரைக் கண்டித்தபோது அளவுக்கு மீறிப் பேசிவிட்டதையும், அதனால் அந்த ஆள் திருந்துவதற்குப் பதிலாக மனம் புண்பட்டதையும் தனக்குத்தானே எடுத்துச் சொல்லிக்கொள்கிறார். இனி அப்படிச் செய்யாதே என்று சொல்லித் தன்னை மன்னித்தும் விடுகிறார். எனக்கு இதில் பிடித்தது அந்த மனைவியின் மௌனம். பேசாமலிருந்து அவரும் அந்தப் பயிற்சியில் பங்கெடுத்திருக்கிறார். வரலாறு அதை ஒரு சொற்றொடரோடு விட்டுவிட்டது.

இன்னொருவர் லொயோலா இஞ்ஞாசியார். ஸ்பெயின் தேசத்துப் போர்வீரர். 1521-இல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்த பிறகு வாழ்க்கை திசை மாறியவர். இவருடைய தோழரான பிரான்சிஸ் சவேரியார்தான் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தவர். இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் ஒரு குற்றத்தை மட்டும் எடுத்துத் திருத்திக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. நாளுக்கு இரண்டு கோடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, இரவு உணவுக்குப் பிறகு மற்றொன்று. அதுவரை எத்தனை முறை அந்தக் குற்றத்தில் விழுந்தோமோ அத்தனை புள்ளி கோட்டின்மேல் வைக்க வேண்டும். வாரம் முன்னேற முன்னேறக் கோடுகளின் நீளம் குறைந்துகொண்டே போகும். புள்ளிகளும் குறையும் என்கிற நம்பிக்கை. விழுந்த அந்தக் கணமே மார்பில் கை வைத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடுவில் இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் செய்துகொள்ளலாம் என்று குறிப்பும் தருகிறார்.

ஒருவர் பல தெய்வங்களை வழிபட்ட ரோமர், ஒருவர் கத்தோலிக்கத் துறவி, ஒருவர் தொண்டை நாட்டு நெசவாளி. மூவருக்கும் கடவுளைப் பற்றிய கருத்து ஒன்றல்ல. மூவரும் கணக்குப் பார்க்கச் சொல்கிறார்கள். உலகப் பொதுவான தத்துவம் என்று ஒன்று இருக்குமானால் அது இந்தச் சிறு வேலையில்தான் மூவருக்கும் பொதுவாக இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. எல்லா உயிரும் ஒன்று என்று உபதேசம் கேட்டுவிட்டு வெளியே வந்து, செருப்பு மாறிப்போனதற்காக வாட்ச்மேனிடம் சண்டை போடுகிறவர்களை எந்த ஆன்மிக அரங்கின் வாசலிலும் பார்க்கலாம். கேட்டதில் குறையில்லை. அது இறங்கி வர ஒரு படி வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கோபத்தைத் தவிர் என்கிற உபதேசம் எப்போதும் அடிவாங்குகிறவர்களின் காதில்தான் முதலில் ஓதப்படுகிறது. குடித்துவிட்டு வந்து கை ஓங்குகிற கணவனை வாழ்த்திக்கொண்டு பேசாமலிரு என்று ஒரு பெண்ணிடம் சொல்வது ஆன்மிகம் ஆகாது. அங்கே செய்ய வேண்டியது வீட்டைவிட்டு வெளியேறுவது, உறவுகளைக் கூப்பிடுவது, போலீசுக்குப் போவது. அதையெல்லாம் கோபம் இல்லாமலும் செய்யலாம், கோபத்தோடும் செய்யலாம், செய்தாக வேண்டும். பட்டியல் எழுதுவது கை ஓங்கியவர்களுக்கான பயிற்சி. குரல் எடுபடுகிற இடத்தில் இருப்பவர்களுக்கான பயிற்சி. அப்பாக்கள், மாமியார்கள், ஆசிரியர்கள், முதலாளிகள். வள்ளுவர் சொன்ன அந்த ‘கோபம் பலிக்கிற இடம்’ வீட்டுக்கு வீடு வேறு. சில வீடுகளில் அது கல்லூரிக்குப் போகிற மகளிடம்கூட இருக்கும்.

மகரிஷி, தம் மனைவி லோகாம்பாள் அம்மையாரின் பிறந்தநாளான ஆகஸ்ட் 30-ஐ மனைவி நல வேட்பு நாளாகக் கொண்டாடும்படி செய்தார். மனவளக்கலை மன்றங்களில் அன்று கணவன் மனைவிக்குப் பூக் கொடுத்து நன்றி சொல்கிறார். முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்து ஒருமுறையும் ‘நன்றி’ என்று சொல்லாத பெரியவர்களுக்கு அன்று நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அன்பு இல்லாமல் அல்ல. நம் வீடுகளில் நன்றியைச் சொல்லிப் பழக்கமில்லை, கோபத்தைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். பாராட்டு மனசுக்குள், எரிச்சல் வாயில் என்று ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. மறுநாள் பாத்திரம் யார் துலக்கினார் என்றும் கேட்கலாம்தான். இருந்தாலும் பட்டியலின் முதல் பெயருக்கு நேராக நின்று, திட்டாமல் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பது லேசான காரியமல்ல.

வாழ்த்துவதைப் பற்றிப் பலருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. மனசில் எரிச்சலை வைத்துக்கொண்டு ‘வாழ்க வளமுடன்’ என்றால் அது பொய்யாகாதா? முதல் சில நாள் பொய்யாகத்தான் இருக்கும். வாழ்த்துகிறவருக்கே பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது தெரியும். ஆனால் ஒருவரை வாழ்த்துவதற்கு அவர் முகத்தை மனசில் கொண்டுவந்தாக வேண்டுமே. கொண்டுவந்தால், தாமதமாகக் காபி கொடுத்த கைகளோடு அந்தக் கையில் இருக்கிற சூட்டுத் தழும்பும் தெரிந்துவிடுகிறது. அது எப்போது பட்ட சூடு என்று நமக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அன்று சாயங்காலம் அதைக் கேட்பதற்காகவாவது பேச்சு ஒன்று ஆரம்பமாகும்.

எழுதிய தாளை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. ‘உன் பெயர்தான் முதலில் இருக்கிறது’ என்று போய்ச் சொன்னால் அதுவே அடுத்த சண்டை. பீரோவில் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டால் போதும், அல்லது கிழித்துப் போட்டுவிடலாம். பெயர்கள் மறக்கப் போவதில்லை. தீர்மானம் செய்த மூன்றாவது நாளே உடைந்துபோவதும் நடக்கும். அம்மா நான்காவது முறை கேட்பார், குரல் உயர்ந்துவிடும். இனி இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று அதோடு நோட்டை மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். இஞ்ஞாசியார் நாளை இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது இந்த இடத்தில் உதவுகிறது. காலையில் விழுந்தால் மதியத்துக் கோட்டில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். இரவுக் கோடு இன்னும் காலியாக இருக்கிறது, அம்மா ஐந்தாவது முறையும் கேட்பார்.