மறத்தலும் ஓர் ஆற்றலே

'மறக்க முடியவில்லையே!' என்று வருந்துவோர் பலர். மறக்கும் ஆற்றல் தமக்குள் உறைவதை உணர்ந்தோர் சிலரே.

கொச்சி மட்டாஞ்சேரியில், அரண்மனையை அடுத்து, 1568-இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதர்களின் ஜெப ஆலயம் உள்ளது. ஒரே சமயத்தவராயினும், அடிமைகளின் வழிவந்தோர் எனக் கருதப்பட்டவர்களுக்கு அங்கே ஏனையோருடன் சமமாக அமரவும், தோராவை ஓதவும் உரிமை மறுக்கப்பட்டது. அவ்வாறு ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் 1882-இல் பிறந்தவர் ஏ. பி. சேலம். இறைவன் சந்நிதியிலேயே நேரும் அவமதிப்பு எத்துணை ஆழமான புண்! வழக்கறிஞரான அவர் காந்தியடிகளின் வழியில், ஆலயத்திலேயே சத்தியாகிரகம் மேற்கொண்டார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. பின்னாளில் கொச்சி யூதர்கள் இஸ்ரேலில் குடியேறவும் அவர் பாடுபட்டார். 'யூத காந்தி' எனப் போற்றப்பட்ட அவர் 1967-இல் மறைந்தார்.

அநீதியை அவர் மறக்கவில்லை. மறந்திருந்தால் போராட்டமே இல்லை. ஆனால் அவர் தேர்ந்த வழியில் பகைமைக்கு இடமில்லை. நிகழ்ச்சி வேறு, அதன்மேல் மனம் ஏற்றிவைக்கும் கசப்பு வேறு. சாதகன் களைய வேண்டியது கசப்பையே.

அதைக் களைவது எங்ஙனம்? வெறும் மல்லுக்கட்டல் பயன் தராது. வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று உளவியலறிஞர் டேனியல் வெக்னர் சிலரைப் பணித்தபோது, கரடியே மீண்டும் மீண்டும் அவர்கள் நினைவில் தோன்றியதை 1987-இல் வெளியான அவரது ஆய்வு காட்டியது. எனினும் மைக்கேல் ஆண்டர்சன், காலின் கிரீன் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கை அளிக்கிறது. இணைச்சொற்களுள் ஒன்றைக் கண்டதும் மற்றது மனத்துள் எழாதவாறு பலமுறை பழகியவர்களுக்கு, அம்மற்றச் சொல் பின்னர் மங்கிப்போயிற்று. புண்பட்ட நெஞ்சின் நினைவு வெறும் சொல்லன்று. அதற்கு இன்னும் பொறுமையான பயிற்சி தேவை.

அப்பயிற்சியைப் பதஞ்சலி முனிவர் அன்றே வகுத்தார்: தீய எண்ணம் வருத்தும்போது அதற்கு எதிரான நல்லெண்ணத்தை வளர்க்க வேண்டும். இருளோடு போரிட வேண்டியதில்லை, விளக்கேற்றினால் போதும். நன்றியை மறவாதிருக்கவும், தீமையை அன்றே மறந்துவிடவும் திருவள்ளுவர் பணித்தார். இயலாத ஒன்றை அவர் பணிப்பாரா?

நினைவும், ஞானமும், அவற்றின் நீக்கமும் தன்னிடமிருந்தே வருவதாகக் கீதையின் 15-ஆம் அத்தியாயத்தில் பகவான் அருளுகிறார். ஆகவே மறதியும் அவன் கொடையே. இரவில் துயிலச் செல்லுமுன், அன்று பிறர் செய்த ஒரு நன்மையை நெஞ்சில் இருத்தி, ஒரு கசப்பை அவன் திருவடியில் வைத்துவிடுபவன், மறுநாள் இலேசான மனத்துடன் எழுவான்.