பாறைக்குழி

எங்கள் தோட்டத்துக்கு வடக்கே ஒரு பாறைக்குழி இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அங்கே கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வெடி வைத்தால் அடுக்களையில் பாத்திரங்கள் அதிரும். சத்தம் அடங்கியதும் அப்பாரு, அதாவது என் அப்பாவின் அப்பா, போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பார். கிரஷர் பக்கத்து முருங்கையில் கிளையை உலுக்கினால் மாவு சலித்தது போலத் தூசி கொட்டும். ஒருநாள் குவாரிக்காரர்கள் மிஷின்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த மழைக்குக் குழியில் தண்ணீர் நின்றது. எங்கள் செம்மறி ஒன்று அதில் விழுந்து செத்தது.

“தோண்டுனவங்க போயிட்டாங்க. ஆட்டுக்கு ஆரைப் போய்க் கேக்கறது, கண்ணு?” என்றார் அப்பாரு.

சுற்றுச்சூழல் பொறியியல் படித்து, சுரங்கம் தோண்டிய நிலங்களை ஆராய்வதையே பிழைப்பாகக் கொண்ட பிறகும், அந்தக் கேள்வியைத் தாண்டி நான் வெகுதூரம் போய்விடவில்லை.

நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1961-ல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே சுரங்க வேலை நடக்கும். மேலே வெட்டிக் கொட்டிய மண்ணைக் கையில் அள்ளினால் மணலும் களியும்தான். மக்கிய இலை ஒன்று இருக்காது. அதில் மரம் வளர்த்திருக்கிறார்கள், உண்மை. ஆனால் மேல்மண்ணை இழந்த நிலத்துக்கு உயிர் கொடுப்பது வருசக்கணக்கான பாடு.

கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு, நிலத்துக்கு ஓய்வு தர வேண்டும் என்பது பழக்கத்திலேயே தெரியும். கிளுவை வேலி போட்டுக் காட்டைத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். ஒரு துண்டில் மாடு மேயும்போது இன்னொன்றில் கொழுக்கட்டைப் புல் தழையட்டும் என்று விட்டுவைப்பார்கள். கிணறு வெட்டும்போது வந்த கல்கூட வீணாகாமல் எங்கள் வீட்டுச் சுவருக்கும் மாடு கட்டும் கட்டுத்தாரைக்கும் போனது.

கல்லே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். என் வீட்டு மொட்டைமாடியில் இருப்பதும் இந்தப் பக்கத்து ஜல்லிதான். ஆனால் சட்டத்தில் கட்டடக் கல்லுக்குச் ‘சிறு கனிமம்’ என்று பெயர். அதற்கான விதிகள் பிந்தித்தான் வந்தன. நிலக்கரி நீங்கலான பெருங்கனிமச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டம் 2003-ல் கட்டாயமானது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறு கனிமக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2012-ல். அதற்குள் எத்தனையோ ஊர்களில் குழி விழுந்து முடிந்துவிட்டது. திருப்பூர்ப் பக்கம் பழைய பாறைக்குழிகளில் நகரத்துக் குப்பையைக் கொட்டியிருக்கிறார்கள். அதன் சாறு எந்தக் கிணற்றில் இறங்கும் என்பதுதான் அக்கம்பக்கத்து விவசாயிகளின் பயம்.

நான் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளால் எங்கள் ஊர்க் குழியைச் சுற்றி ஒரு கம்பிவேலிகூட வரவில்லை. படித்ததை ஊராருக்குப் புரியும்படி சொல்லாதது என் தவறு. இப்போது சொல்கிறேன். உங்கள் ஊரில் குவாரிக்கு மக்கள் கருத்துக்கேட்பு நடந்தால் தவறாமல் போங்கள். எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பதற்கு முன்னால், குழியை மூடுவது யார், அதற்கான பணத்தை முதல் வெடிக்கு முன்பே எங்கே கட்டுவார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.