மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் இருக்கிறதா?



உபாகமம் 22:8-ஐ நாம் வேகமாய் வாசித்துக் கடந்துபோகிறோம். புது வீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். கட்டாமல் யாராவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். கவனியுங்கள், ஒருவரும் விழுவதற்கு முன்பே கர்த்தர் பேசுகிறார். விழுந்தவன் குடிகாரனா, காத்தாடி விட ஏறின பையனா என்று பிரமாணம் விசாரிக்கவில்லை. சுவர் இருந்ததா? அவ்வளவுதான் கேள்வி.

நம்ம பகுதிக்கு வருவோம். 2023 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரவு. எண்ணூரில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். (2004-ல் சுனாமி வந்ததும் இதே டிசம்பர் 26-தான். கடலோரத்து ஜனத்துக்கு அந்தத் தேதியே பயம்.) அந்த மாதம் அடித்த மிக்ஜாம் புயலில், குழாயைச் சுற்றிப் போட்டிருந்த பாறைகள் நகர்ந்து குழாய் சேதமாகியிருக்கலாம் என்று அரசு அமைத்த குழு சொன்னது.

அப்போ புயல்தானே காரணம், மனுஷன் என்ன செய்வான் என்பார்கள். யாத்திராகமம் 21-ஐ எடுங்கள். மாடு முட்டி ஒருவன் செத்தால் மாட்டுக்குத்தான் தண்டனை, எஜமான் தப்பலாம். ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்னமே எச்சரித்தும் கட்டிவைக்காமல் விட்டானா, எஜமானும் சாவுக்குப் பாத்திரன். எண்ணூர் கரைக்குப் புயல் புதுசா? வங்காள விரிகுடா முட்டுகிற மாடு என்று எல்லாருக்கும் தெரியுமே! டில்லியில் 1985-ல் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழில் நடத்துகிறவன் ‘நான் ஜாக்கிரதையாய்த்தான் இருந்தேன்’ என்று சொல்லித் தப்பமுடியாது என்று உச்ச நீதிமன்றம் 1986-ல் தீர்ப்பளித்தது. மோசேயின் கைப்பிடிச்சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்ற தீர்ப்பு என்பேன்.

முதலாளிக்கு இது சரி, நமக்கு? கசிகிற வால்வை முதலில் பார்க்கிறது முதலாளியின் கண் அல்ல, ஷிப்டில் நிற்கிற காண்டிராக்ட் தொழிலாளியின் கண். மாட்டைப்பற்றி யாரோ ஒருவன் போய்ச் சொன்னதினால்தானே அந்த எஜமான் பிடிபட்டான்? சொல்லுகிறவன் இல்லாவிட்டால் அந்த நியாயம் நடக்கவே நடக்காது. அறிந்த சாட்சி வாய் திறக்காவிட்டால் குற்றம் அவன்மேலும் வரும் என்று லேவியராகமம் 5:1 கற்பிக்கிறது.

“சொன்னா நாளைக்கு கேட்டுக்குள்ள விடமாட்டாங்க பிரதர், பிள்ளைக்கு பீஸ் கட்டணும்.” இந்தப் பயம் பொய்யல்ல. ‘விசுவாசமாயிரு’ என்று மேடையிலிருந்து சொல்லுகிறது சுலபம். ஆகவே தனியாய்ப் போகவேண்டாம். இரண்டு மூன்று பேராய்ப் போங்கள், தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். வேலை போய்விட்டால் அந்தக் குடும்பத்துக்கு அரிசி வாங்கிக் கொடுக்கச் சபை தயாரா? இதையும் ஜெபக்குறிப்பில் எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ராயபுரத்துச் சந்தில் சம்ப் மூடியைத் திறந்துபோட்டுவிட்டு, ‘அந்தப் பையன் பார்த்து வரக்கூடாதா’ என்று கேட்கிறவர்கள் உண்டு. மூடாத குழியில் கழுதை விழுந்தால் குழிக்காரன்தான் பணம் கொடுக்கவேண்டும் என்று அதே 21-ம் அதிகாரம் சொல்லுகிறது. கழுதை பார்த்து வரவில்லை என்று அங்கே எந்தப் புகாரும் இல்லை.