குழாய் உள்ள போட்டோ

நண்பரின் மகளுக்காக முகநூலில் ஒரு வேண்டுகோள் எழுதிக் கொடுத்தேன், 2021இல். குழந்தைக்கு அப்போது 14 மாதம். டாக்டர்கள் எஸ்.எம்.ஏ. என்கிற நோய், எஸ்.எம்.என்.1 என்ற ஒரு மரபணுவின் கோளாறால், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் செத்துக்கொண்டே வரும். ஜோல்ஜென்ஸ்மா என்ற மருந்தை ஒரே ஒரு தடவை செலுத்தினால் போதும் என்றார்கள். அமெரிக்காவில் 2019இல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று அனுமதிக்கப்பட்டது. விலை நம் கணக்கில் 16 கோடி.

நண்பர் இரண்டு போட்டோ அனுப்பியிருந்தார். ஒன்றில் குழந்தை சிரிக்கிறது. மற்றதில் மூக்கில் குழாய். குழாயை எடுத்துக்கொண்டேன். தயங்கவேயில்லை. தொழில் தெரிந்தவனின் இந்தத் தயங்காமைதான் இன்றும் என்னைத் தொந்தரவு செய்கிறது.

அமெரிக்காவில் தசைச்சிதைவு நோய்க்கு நிதி திரட்ட ஜெர்ரி லூயிஸ் வருஷாவருஷம் நடத்திவந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியை எதிர்த்து 1981இல் இவான் கெம்ப் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அவரே சக்கர நாற்காலிக்காரர். அவருக்கிருந்த நோயும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஊனமுற்றவரை என்றென்றைக்கும் இரக்கத்துக்குரிய குழந்தையாகவே காட்டினால், வளர்ந்து வேலை கேட்டு வருகிறவனை யார் மதிப்பார்கள் என்பது அவர் கேள்வியின் சாரம். அது வருஷத்துக்கு ஒரு தடவை நடந்த காட்சி. இன்று ஒவ்வொரு தகப்பனும் தன் குழந்தைக்குத் தானே ஜெர்ரி லூயிஸாக வேண்டியிருக்கிறது. ஆக வேண்டிய நிர்ப்பந்தத்தை யார் உண்டாக்கியது என்பது வேறு விஷயம். 2021இன் அரிய நோய்க் கொள்கையில் அரசாங்கமே, இவ்வளவு செலவு பிடிக்கும் நோய்களுக்கு ஜனங்களிடம் நன்கொடை திரட்ட இணையத்தில் ஓர் ஏற்பாடு என்றுதான் சொல்லிற்று. 2022இல் 50 லட்சம் வரை உதவி என்றார்கள். 16 கோடிக்கு 50 லட்சம்.

விழிப்புணர்வு என்கிறார்களே, நான் எதை அறிவித்தேன்? மருந்தின் பெயரை, விலையை. நோயின் சுவடே இல்லாத தாயும் தகப்பனும் இந்தக் கோளாறைச் சுமந்துகொண்டிருக்கலாம், இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து என்பதை எழுதவில்லை. அதற்கு யார் பணம் போடுவார்கள்?

அதே வார்டில் இன்னொரு குழந்தை இருந்தது. அதன் தாய், "அண்ணே, எங்க புள்ளைக்கும் அதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்கண்ணே" என்றாள். எழுதினேன். அதே சிரத்தையோடுதான், சொல்லப்போனால் கூடுதலாகவே. ஆனால் ஒரே மாதத்தில் இரண்டாவது வேண்டுகோள். ஜனங்கள் ஏற்கெனவே அழுது முடித்திருந்தார்கள். அந்தக் குழந்தைக்கு முகவெட்டும் போதாது. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அப்போது நான் நினைத்தது இதுதான். கார்த்திகையில் அது இறந்துபோயிற்று.

ஊசி கிடைத்ததா இல்லையா என்று என் மனைவி கேட்கிறாள். கிடைத்தது. இந்தக் கேள்விக்கு எதிரே என் விசாரம் முழுவதும் ஒரு சௌகரியக்காரனின் பொழுதுபோக்காகத் தோன்றுகிறது. நாளை இன்னொருவர் வந்து கேட்டாலும் எழுதிக் கொடுப்பேன், அதே மாதிரி போட்டோவைத்தான் கேட்டு வாங்குவேன். திரும்பச் செய்வேன் என்பதால் அது சரியாகிவிடுமா என்றுதான் தெரியவில்லை. அவளிடம் கேட்டுச் செய்திருக்க முடியாது, சரி. அவள் சார்பில் சம்மதித்தவர்களில் நான் எப்படிச் சேர்ந்தேன்?

செத்த நரம்பணுக்களை ஊசி மீட்டுத் தருவதில்லை. மிச்சமிருப்பதைக் காக்கும். அவள் இப்போது சக்கர நாற்காலியில் பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். சென்ற மாதம் ஒரு ஹோட்டலில் முன்பின் தெரியாத ஒருவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "நானும் ஐநூறு ரூபா போட்டேன். இன்னும் நடக்கலியா?" என்று கேட்டாராம். நல்ல மனுஷர்தான், உண்மையான கவலையோடு கேட்டிருக்கிறார். நண்பர் பதில் சொல்லவில்லை. அவர் எதுக்குப்பா ஐநூறு ரூபா போட்டார் என்று குழந்தை வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தார். "அந்தப் போட்டோவை எடுத்துட முடியுமாப்பா?"

என் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதைப் பகிர்ந்தவர்கள் அன்று 40,000 பேர்.