சுவரில் இடம் பெறாதவை

மரியான் நார்த் என்ற ஆங்கிலேய ஓவியருக்கு நாற்பது வயதை நெருங்கும்போதுதான் விடுதலை கிடைத்தது. கிடைத்த விதம் அவர் விரும்பியதல்ல. 1855-ல் தாய் சாகும் தறுவாயில், அப்பாவை விட்டுப் பிரியமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஹேஸ்டிங்ஸ் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அந்த அப்பா 1869-ல் இறந்தார். மகள் உடைந்துபோனார். அவருடைய உயிர்த்தோழனும் வழிபாட்டுக்குரிய மனிதரும் அப்பா ஒருவர்தான். துக்கம் கொஞ்சம் ஆறியதும் பெட்டியைக் கட்டினார்.

இன்னொரு வாக்குக்குத் தன்னைக் கட்டிக்கொள்ள அவர் ஆயத்தமாக இல்லை. கல்யாணம் என்பது பெண்ணை ஒருபடி உயர்ந்த வேலைக்காரியாக்கும் ஏற்பாடு என்பது அவர் கணிப்பு. இப்படிக் கணித்த பெண்கள் அந்தக் காலத்தில் ஏராளமாக இருந்திருப்பார்கள். கணிப்பின்படி வாழ்வதற்கு வேண்டிய சொத்து அவர்களில் எத்தனை பேருக்கு இருந்தது என்பதுதான் கேள்வி. நார்த்துக்கு இருந்தது. ஒரு படத்தையும் விற்றுப் பிழைக்க வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை. சுதந்திரமான பெண் என்று அவரைப் புகழ்பவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவது வழக்கம்.

1871-ல் வட அமெரிக்காவும் ஜமைக்காவும். பிறகு பிரேசில், ஜப்பான், போர்னியோ, ஜாவா, இலங்கை, இந்தியா. பூமியின் தாவரங்களை வரைவதாகச் சொல்லிக்கொண்டு ஆஸ்திரேலியாவைப் பார்க்காமல் இருக்கலாமா என்று சார்லஸ் டார்வின் கேட்டார். அதை அரச கட்டளையாக ஏற்று 1880-ல் அங்கும் போனார்.

அன்று தாவரங்களை வரைவதற்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. வெள்ளைத் தாளில், நீர்வண்ணத்தில், வேரோடு பிடுங்கி வைத்ததுபோல ஒரு செடி. பக்கத்தில் அறுத்துக் காட்டிய சூலகம், மகரந்தத்தாள். மண் இருக்காது, வானம் இருக்காது. பெண்கள் கையாளத் தக்கது என்று சமூகம் அனுமதித்த சில கலைகளில் இதுவும் ஒன்று. நார்த் எடுத்துக்கொண்டது எண்ணெய் வண்ணம். பழகிவிட்டால் குடிப்பழக்கம் மாதிரி விடாது என்று அவரே எழுதியிருக்கிறார். செடியை அதன் மலையோடும் ஆற்றோடும், அதை மொய்க்கும் பூச்சியோடும் சேர்த்து வரைந்தார். வண்ணங்கள் சில இடங்களில் கூச்சலிடும்; நுணுக்கம் பல இடங்களில் பிசகும். கலை விமர்சகர்கள் இதைத் தாவரவியலின் பக்கம் தள்ளினார்கள், தாவரவியலார் கலையின் பக்கம் தள்ளினார்கள். ஒரு செடி எந்த மண்ணில், எதன் நிழலில் நிற்கிறது என்பதும் அந்தச் செடியைப் பற்றிய அறிவுதான் என்று பிற்காலத்து அறிவியல் ஒப்புக்கொண்டது. அதைச் சொன்னவர் பட்டியலில் நார்த்தின் பெயரைச் சேர்க்க அதற்குத் தோன்றவில்லை.

அங்கீகாரம் வரும் என்று அவரும் காத்திருக்கவில்லை. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் தன் செலவிலேயே ஒரு காட்சிக்கூடம் கட்டித் தருவதாக அதன் இயக்குநர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதினார். இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன் வரைபடம் போட்டுக் கொடுத்தார். 1882 ஜூனில் கூடம் திறந்தது. டார்வின் அதற்கு இரண்டு மாதம் முன்பு இறந்துவிட்டார். 800-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் சட்டத்தோடு சட்டம் ஒட்ட, நாடு வாரியாகச் சுவர் முழுக்க மாட்டப்பட்டிருக்கின்றன. கீழே 246 வகை மரத்துண்டுகள். பார்வையாளர்களுக்கு ஒரு கோப்பை தேநீரோ காப்பியோ கொடுக்க வேண்டும் என்று நார்த் கேட்டார். விஞ்ஞான நிலையத்தில் அதெல்லாம் முடியாது என்றார் ஹூக்கர். தேயிலைச் செடியையும் காப்பிச் செடியையும் வாசலுக்கு மேலே வரைந்து வைத்துவிட்டு நார்த் பேசாமல் இருந்துகொண்டார்.

இந்தக் கதையைக் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் அந்தச் சுவரில் இடம் பெறாதவை தேநீரைவிடக் கனமானவை.

தனியாகப் பயணம் செய்தார் என்கிறோம். ஆளுநர்களுக்கும் அதிகாரிகளுக்கும் எழுதிய அறிமுகக் கடிதங்கள் அவருக்கு முன்னால் பயணம் செய்தன. போர்னியோவில் சராவாக்கை ஆண்ட வெள்ளை ராஜா சார்லஸ் புரூக்கின் விருந்தாளி. பிரேசிலில் மோரோ வேல்யோ தங்கச் சுரங்கத்தில் பல மாதம் விருந்தாளி. அது பிரிட்டிஷ் கம்பெனியின் சுரங்கம். வேலை செய்தவர்களில் பெரும்பகுதி அடிமைகள். தன் பேரரசில் அடிமைமுறையை 1833-லேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்ட நாட்டின் கம்பெனி அது. அடிமைகள் பாடு அவ்வளவு மோசமில்லை என்ற தொனியில்தான் நார்த் எழுதினார். சுரங்கத்தைச் சுற்றியிருந்த காடு அவருடைய ஓவியங்களில் அற்புதமாக வந்திருக்கிறது.

1877 இறுதியில் தென்னிந்தியாவுக்கு வந்தார். தஞ்சாவூரில் அவருக்கு வாய்த்த வழிகாட்டி, அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்த நீதிபதி பர்னெல். இந்துக்கள் புனிதமாகக் கருதும் செடிகளைப் பற்றி நார்த்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர். அது தாது வருஷப் பஞ்சத்தின் காலம். மழை பொய்த்து, துறைமுகங்களில் தானியம் கப்பலேறிக்கொண்டிருக்க, சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். பயிர் கருகிய நாட்டுக்குச் செடி வரைய ஒருவர் வந்திருக்கிறார். கியூ சுவரில் அந்தப் பஞ்சத்தைத் தேடினால் கிடைக்காது. செடி வரைய வந்தவரிடம் பஞ்சத்தை வரைந்தாயா என்று கேட்பது நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமில்லைதான். ஆனால் செடியை அதன் சூழலிலிருந்து பிரிக்கக் கூடாது என்று நமக்குக் காட்டியவரே அவர்தான். அவர் கொடுத்த அளவுகோலைக் கொண்டுதான் அவரை அளக்கிறோம்.

பெயர் விஷயமும் இப்படித்தான். சராவாக்கின் சுண்ணாம்பு மலைகளில் வளரும் பெரிய குடுவைச் செடி ஒன்றை அவர் வரைந்தார். அவர் மலையேறிப் பறித்ததல்ல, கொண்டுவந்து கொடுத்தார்கள். ஓவியத்தைப் பார்த்து வியந்த வீச் நாற்றுப்பண்ணைக்காரர்கள் அந்தச் செடியைத் தேடி ஆளனுப்பினார்கள். கண்டெடுத்த பிறகு ஹூக்கர் அதற்கு நெப்பந்தஸ் நார்த்தியானா என்று பெயர் வைத்தார். சேஷல்ஸ் தீவு மரம் ஒன்றின் பேரினமே நார்த்தியா ஆயிற்று. மலைக்காரர்கள் அந்தச் செடியை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று கேட்க வேண்டிய தேவை யாருக்கும் எழவில்லை.

அவருடைய நாடும் அவரிடம் தாராளமாக நடந்துகொள்ளவில்லை. பெண்ணுக்குப் பட்டம் கொடுக்க வழியில்லையே என்ற வருத்தத்தோடு, 1884-ல் விக்டோரியா அரசி கையெழுத்திட்ட தன் புகைப்படத்தை அனுப்பிவைத்தார். வழியில்லை என்று வருந்தியவரும் பெண்தான், பேரரசின் தலைமையில் இருந்தவரும் அவர்தான்.

அப்போதே நார்த்துக்குக் காது மந்தமாகியிருந்தது. இல்லாத குரல்கள் கேட்கத் தொடங்கியிருந்தன. ஆனாலும் சிலியின் அரௌகாரியா மரங்கள் சுவரில் இன்னும் இல்லை என்று அதே ஆண்டு கப்பலேறினார். போனார், வரைந்தார், திரும்பினார். புதிதாகச் சேர்ந்த படங்களுக்காகக் கூடத்தில் அந்தப் பயணத்துக்கு முன்பே இன்னோர் அறை கட்ட வேண்டியிருந்தது. அதற்கும் அவர்தான் பணம் கொடுத்தார்.